ஆராய்ச்சி மணியின் கயிறு

திருவாரூரிலிருந்து ஆண்ட மனுநீதிச் சோழனின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலரே. இளவரசன் ஊர்ந்த தேரின் காலில் அகப்பட்டு ஒரு கன்று மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைத்தது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு முறைசெய்தான். பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் பெருமான் இதனை விரித்துரைக்கிறார். அதற்கும் முன்பே, சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி, தன் ஊரின் பெருமையைச் சொல்லும்போது இந்தப் பசுவின் கண்ணீரை எடுத்துக்காட்டுகிறாள்.

மேடைகளில் இக்கதையைச் சொல்லும்போது மன்னனின் செங்கோலையே நாம் போற்றுகிறோம். மணியில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றிப் பேசுவார் இல்லை. பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் அது தொங்கியது. வாயிற்காவலர் பசுவைத் துரத்தவில்லை. இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும் சோழனின் நீதி அவன் நெஞ்சுக்குள்ளேயே கிடந்திருக்கும். விபத்தில் காயமுற்றோரும், உறவை இழந்தோரும், மருத்துவப் பிழைக்கு ஆளானோரும் நீதிமன்றத்தை எட்டிய வரலாறு, இந்தக் கயிறு சிறிது சிறிதாகத் தாழ்ந்து வந்த வரலாறே ஆகும். அவ்வரலாற்றையும், அதில் வழக்குரைஞரின் இடத்தையும், அந்தமான் தீவுகளில் வாழும் நம் குடும்பங்களின் நிலையிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எழுதிய ரசீது

இப்பொருளை எடுத்துக்கொள்ள நமக்கு ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியேற்றுத் தீவுக்கு வந்த புதிது. இராமநாதபுரச் சீமையிலிருந்து வந்திருந்த கொத்தனார் ஒருவர், நம் குடியிருப்புக்கு அருகில் மனைவியோடும் இரு குழந்தைகளோடும் வாழ்ந்து வந்தார். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்தார். மூன்றாம் நாள் மாலை, வேலை கொடுத்தவர் முத்திரைத்தாளோடு நம்மைத் தேடி வந்தார். “சார், நீங்கள் படித்தவர்கள். ஐந்து வரி எழுதித் தந்தால் போதும்” என்றார். இருபதாயிரம் ரூபாயும் ஊருக்குக் கப்பல் பயணச்சீட்டும் பெற்றுக்கொண்டதாகவும், இனி யாதொரு பாத்தியதையும் இல்லை என்றும் நாமே எழுதினோம். உதவி என்று எண்ணியே எழுதினோம். அந்தப் பெண், “அண்ணே, எங்கே கை வைக்கணும்?” என்று மட்டும் கேட்டாள். இடத்தைக் காட்டினோம். அடுத்த கப்பலில் அவள் குழந்தைகளோடு புறப்பட்டுவிட்டாள்.

அந்த ஐந்து வரிகளைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

உயிருக்கு விலை இல்லாத காலம்

நம் நாட்டின் இழப்பீட்டுச் சட்டம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அங்கே 1808 இல் ஒரு வழக்கில், மனிதரின் இறப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் முறையிடத்தக்க ஒரு தீங்காகக் கொள்ள இயலாது என்று தீர்ப்பாயிற்று. கால் முறிந்தவன் வழக்குத் தொடுக்கலாம். அவனே இறந்துபோனால் மனைவி மக்களுக்கு வழியில்லை! 1837 இல் மற்றொரு தீர்ப்பு, உடன் வேலை செய்வோரின் கவனக்குறைவால் தொழிலாளி காயமுற்றால் முதலாளி பொறுப்பல்ல என்ற கொள்கைக்கு வித்திட்டது. புகைவண்டியும் நீராவி இயந்திரமும் பெருகிய காலம் அது. விபத்துகள் பெருகப் பெருக, இக்கொள்கைகளின் கொடுமையும் வெளிப்பட்டது. 1846 இல் காம்பெல் பிரபுவின் சட்டம் இறந்தவரின் குடும்பத்துக்கு வழக்குரிமை வழங்கியது. அதனை அடியொற்றி இந்தியாவில் 1855 இல் இறப்பு விபத்துச் சட்டம் பிறந்தது. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணிகள் புகைவண்டி ஓடி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அரசே தீங்கு செய்தால் அதன் மீது வழக்குத் தொடுக்கலாமா என்ற வினாவும் விரைவில் எழுந்தது. கல்கத்தாவின் கிடர்ப்பூரில் அரசாங்கக் கப்பல் பட்டறைத் தொழிலாளர் இரும்புத் துண்டு ஒன்றைச் சுமந்து சென்றனர். குதிரை வண்டி ஒன்று நெருங்கவே அதைக் கீழே போட்டனர். மிரண்ட குதிரை காயமுற்றது. வண்டிக்குரிய கப்பல் நிறுவனம் 350 ரூபாய் கேட்டு வழக்கிட்டது. 1861 இல், தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக், வணிகர் எவரும் செய்யக்கூடிய தொழிலை அரசு செய்யும்போது அதுவும் பொறுப்பேற்க வேண்டும் என்று முடிவு கூறினார். இன்றளவும் சட்ட நூல்களில் பேசப்படும் வழக்கு இது.

இத்தீர்ப்பு வெளிவந்தபோது அந்தமானில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1858 இல் தொடங்கிய கைதிகள் குடியேற்றத்தில், விலங்கிடப்பட்ட மனிதர்கள் காட்டை வெட்டிக்கொண்டிருந்தனர். மரம் விழுந்து மாண்டவர்க்கும் காய்ச்சலில் மாண்டவர்க்கும் இழப்பீடு கேட்பார் யார்? திருவாரூரில் கன்றுக்கு மணி ஒலித்தது. கிடர்ப்பூரில் குதிரைக்கு மணி ஒலித்தது. இத்தீவில் மனிதனுக்கு மணியே கட்டப்படவில்லை. அதே கல்கத்தாவின் உயர்நீதிமன்றமே பிற்காலத்தில் இத்தீவுகளுக்கும் உயர்நீதிமன்றமாயிற்று என்பதும், அதன் சுற்று அமர்வு இங்கேயே கூடுகிறது என்பதும் காலத்தின் மாற்றம்.

1923: தொழிலாளியின் சட்டம்

செருமனியில் பிஸ்மார்க் ஆட்சியில் 1884 இலும், இங்கிலாந்தில் 1897 இலும் வந்த தொழிலாளர் விபத்துச் சட்டங்களின் வழியில், இந்தியாவில் 1923 இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1924 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வேலையின் போதும் வேலையின் காரணமாகவும் காயம் ஏற்பட்டால், முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பதே இதன் உயிர்நாடி. தொழிலாளிக்குச் சாட்சி தேட இயலாது; அருகில் நின்றவனும் அதே முதலாளியிடம் கூலி பெறுபவன் அன்றோ! ஆகவே சாட்சிச் சுமையைச் சட்டமே இறக்கிவைத்தது.

அச்சட்டத்தின் 8 ஆம் பிரிவு, தொழிலாளி இறந்துபோனால் இழப்பீட்டை ஆணையரிடமே கட்டவேண்டும் என்றது. முதலாளி நேரே குடும்பத்தின் கையில் கொடுக்கும் பணம், சிறு முன்பணம் நீங்கலாக, இழப்பீடாகவே கருதப்படாது. தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்றது 17 ஆம் பிரிவு. துயரத்தில் இருப்பவளின் கட்டைவிரல் எவ்வளவு எளிதில் மையில் தோயும் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர்.

ஆக, நாம் எழுதிய அந்த ரசீது சட்டத்தின் கண்ணில் வெற்றுத்தாள். கட்டட வேலை அச்சட்டத்துக்கு உட்பட்டதே. 2000 இல் செய்த திருத்தத்தின்படி, இறப்புக்குக் குறைந்த அளவு இழப்பீடே 80,000 ரூபாய். இறந்தவரின் வயதும் கூலியும் கணக்கில் வந்தால் அதற்கு மேலும் கூடும். இருபதாயிரம் பெற்றபின்னும் அவள் உரிமை முழுமையாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையரிடம் ஒரு விண்ணப்பம் தந்திருந்தால் போதும். அவளிடம் இதைச் சொல்ல ஒருவர் இல்லை. அருகில் இருந்த படித்தவர், எதிர்த்தரப்பின் தாளை எழுதிக்கொண்டிருந்தார். நாம் இதை அறிந்தபோது அவள் ஊர் சென்று ஆண்டுகள் பல கடந்திருந்தன. முகவரி எவரிடமும் இல்லை.

அச்சட்டம் 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அது அடங்கியது. பெயர் மாறினும், முதலாளியின் தவற்றைத் தேடாமல் இழப்பீடு தரும் கொள்கை மாறவில்லை.

சாலையும் கடலும்

சாலை விபத்தின் வரலாறும் இதே திசையில் நடந்தது. 1939 இன் மோட்டார் வாகனச் சட்டம், வாகனத்தால் பிறர்க்கு விளையும் தீங்குக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1956 இன் திருத்தம், இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தது. 1982 இல், ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்காமலே இறப்புக்கு 15,000 ரூபாயும் நிலையான ஊனத்துக்கு 7,500 ரூபாயும் பெறலாம் என்றாயிற்று. 1994 இல் அத்தொகைகள் 50,000 என்றும் 25,000 என்றும் உயர்ந்தன. 2022 ஏப்ரல் முதல் அவை இறப்புக்கு 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம். தவற்றை மெய்ப்பித்து முழு இழப்பீடு கோரும் வழியும் தனியே உண்டு. அதனைக் கணக்கிடும் முறையை 2009 இல் சரளா வர்மா வழக்கிலும், 2017 இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்சநீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது.

தொகையினும் நமக்கு முதன்மையானது இடம். முன்னாளில் விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்துக்கே செல்லவேண்டியிருந்தது. மதுரைச் சாலையில் அடிபட்டவர் அந்தமான்வாசியாக இருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடல் கடக்க வேண்டும். 1994 இன் திருத்தம், முறையிடுவோர் தாம் வாழும் இடத்திலேயே முறையிடலாம் என்று ஆக்கியது. ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி மணியின் கயிறு நம் வாசலுக்கு வந்த நாள் அது.

கடலுக்கு அத்தகைய பழகிய பாதை இல்லை. 2014 சனவரி 26 அன்று, போர்ட் பிளேயருக்கு அருகே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த தமிழர். அந்தத் துயரை இத்தீவுத் தமிழர் எவரும் மறக்க இயலாது. 2024 இல் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. அந்தத் துறைமுகத்தைக் காணும்போது எழும் நினைவு மாறவில்லை. அத்தகைய விபத்துகளில் அரசுகள் அறிவிக்கும் நிவாரணம் வேறு, சட்டப்படி உரிய இழப்பீடு வேறு. முன்னது இரக்கம், பின்னது உரிமை. முன்னதைப் பெற்றதனால் பின்னது அழியாது. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வதே வழக்குரைஞரின் முதற்பணி.

மருத்துவரும் நோயாளியும்

எல்லாவற்றினும் அரிய வழக்கு மருத்துவப் பிழை வழக்கே. 1953 இல், மராட்டியக் கடற்கரையில் தொடை எலும்பு முறிந்த இளைஞர் ஒருவர், பூனாவில் மருத்துவத்தின் பின் இறந்தார். உணர்விழக்கச் செய்யாமல் எலும்பை இழுத்துப் பொருத்தியதே காரணம் என்று தந்தை வழக்கிட்டார். 1968 இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. இழப்பீடு 3,000 ரூபாய். 1998 இல், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அனுராதா சாகா என்ற பெண்மணி, கல்கத்தாவில் பெற்ற தவறான மருத்துவத்தின் பின் இறந்தார். கணவர் குணால் சாகா போராடி, 2013 இல் உச்சநீதிமன்றத்தில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய்க்குத் தீர்ப்புப் பெற்றார்.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும். இரண்டும் பதினைந்து ஆண்டுகள் நடந்தன. முன்னதில் தந்தையும் பின்னதில் கணவரும் தாமே மருத்துவர்கள். நடந்தது தவறு என்று அறியும் அறிவு அவர்கள் வீட்டிலேயே இருந்தது. கொத்தனாரின் மனைவிக்கு அவ்வறிவை யார் தருவர்? நோயேட்டைப் படித்து, வேறு வல்லுநரிடம் காட்டி, பிழை உண்டா இல்லையா என்று நேர்மையாகச் சொல்லும் வழக்குரைஞரே தரவேண்டும்.

‘இல்லையா’ என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். நோய் தீராமற் போனதெல்லாம் பிழை ஆகாது. 2005 இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மருத்துவர் மீது குற்றவழக்குத் தொடுக்கக் கொடிய கவனக்குறைவு வேண்டும் என்று உச்சநீதிமன்றம் வரையறுத்தது. நள்ளிரவில் நம் பிள்ளைகளைக் காத்த மருத்துவர்களை நாம் அறிவோம். காரணமின்றி அவர்களை வழக்கில் இழுப்பதும் ஓர் அநீதியே.

1995 இல், இந்திய மருத்துவக் கழகம் தொடுத்த வழக்கில், கட்டணம் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லார்க்கும் இலவசமாகவே மருத்துவம் செய்யும் நிலையம் அதற்குள் வராது என்றும் அதே தீர்ப்பு கூறியது. பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளையே நம்பி வாழும் தீவு மக்களுக்கு இது கருதத்தக்கது. ஆயினும் கதவு முழுதும் மூடவில்லை. 1963 இல் ஔரங்காபாத்தின் அரசு மருத்துவமனையில் அறுவையின்போது வயிற்றுக்குள் விட்ட துணியால் ஒரு தாய் இறந்தார். அரசே பொறுப்பு என்று 1996 இல் தீர்ப்பாயிற்று. நீதி வந்தது, வருவதற்கு 33 ஆண்டுகள் ஆயின.

நோயாளியை மேல்மருத்துவத்துக்குச் சென்னைக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு மற்றொரு செய்தி. 2019 இன் நுகர்வோர் சட்டப்படி, முறையிடுவோர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் ஊரின் ஆணையத்திலேயே முறையிடலாம். சென்னையில் நேர்ந்த பிழைக்கும் இங்கேயே மணியை அசைக்கலாம்.

கூலியும் கொள்கையும்

இனி, வழக்குரைஞரின் கூலி. அமெரிக்காவில் காயமுற்றோர்க்காக வாதாடும் வழக்குரைஞர் முன்கூலி பெறுவதில்லை. வென்றால் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, அவருக்கு உரியது, தோற்றால் ஒன்றுமில்லை. ஏழைக்கும் வல்ல வழக்குரைஞர் கிடைப்பது இதன் நன்மை. துயரத்தை வாணிபமாக்குவது இதன் தீமை. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, சில நாள்களிலேயே அமெரிக்க வழக்குரைஞர்கள் வந்திறங்கிக் கையொப்பம் திரட்டினர். 1985 இல் இந்திய அரசு தனிச்சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டோர் அனைவர்க்காகவும் தானே வழக்காடும் உரிமையை எடுத்துக்கொண்டது. நியூயார்க் நீதிமன்றம் 1986 இல் வழக்கை இந்தியாவுக்கே திருப்பியது. 1989 இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு முடிந்தது. அத்தொகை போதாதென்ற குறை இன்றும் தீரவில்லை.

அதே காலத்தில் இந்திய நீதிமன்றம் ஒரு பெரும் படியை எடுத்துவைத்தது. 1985 டிசம்பரில் தில்லித் தொழிற்சாலை ஒன்றில் ஓலியம் வாயு கசிந்து, வழக்குரைஞர் ஒருவர் இறந்தார். எம்.சி. மேத்தா என்ற வழக்குரைஞர் தொடுத்திருந்த வழக்கில், தீங்கு பயக்கும் தொழில் நடத்துவோர்க்கு விலக்கற்ற முழுப்பொறுப்பு உண்டு என்று 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு அறிவித்தது.

நம் நாட்டில் வெற்றியில் பங்கு கேட்பதை வழக்குரைஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. அங்ஙனமாயின் ஏழைக்கு யார்? 1976 இல் அரசமைப்பில் சேர்ந்த 39-ஏ பிரிவு இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. 1987 இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், தொழிலாளர், பேரிடரில் சிக்கியோர் ஆகியோர் இலவச வழக்குரைஞரைப் பெறும் உரிமையுடையோர். அந்தக் கொத்தனாரின் மனைவி, பெண் என்ற ஒன்றினாலேயே அவ்வுரிமை பெற்றிருந்தாள். இதையும் அன்று நாம் அறியோம்.

சங்கம் செய்யத்தக்கது

இறுதியாக ஒரு வழக்கு. 1992 இல் வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளி ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்றார். கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பலவும் படுக்கை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பின. அவர் உறுப்பினராக இருந்த வேளாண் தொழிலாளர் சங்கம் உச்சநீதிமன்றம் சென்றது. உயிர்காக்கும் மருத்துவத்தை அரசு மருத்துவமனை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று 1996 இல் தீர்ப்பாயிற்று. இழப்பீடு 25,000 ரூபாய்தான். ஆனால் அத்தீர்ப்பு நாடெங்கும் உள்ள ஏழைகளுக்குப் பயன்பட்டது. அங்கே கயிற்றைப் பற்றி அசைத்தது ஒரு சங்கம் என்பதை நாம் உற்று நோக்க வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலும் பட்டிமன்றமும் சிறப்புற நடத்துகின்றன. அவற்றோடு ஒரு சிறு பணியையும் மேற்கொள்ளலாம். நம்மவர் ஒருவர்க்கு விபத்து நேர்ந்தால் அன்றே இருவர் சென்று நிற்பது. முதல் தகவல் அறிக்கை, நோயேடு, கூலிச்சீட்டு ஆகியவற்றின் படிகளைச் சேர்த்துவைப்பது. வழக்குரைஞர் ஒருவர் படித்துப் பார்க்கும் வரை எத்தாளிலும் கையொப்பமோ கைநாட்டோ இடவேண்டா என்று சொல்வது. சட்டப்பணிகள் ஆணையத்தின் வாயில் வரை உடன் செல்வது. இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரின் மாலைப்பொழுது போதும்.

அன்று நாம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டோம்; தவறான பக்கத்தில் அமர்ந்து செலவிட்டோம். அந்தப் பெண் இன்று எங்கிருக்கிறாளோ அறியோம். அவள் ஊர்ப்பக்கத்தார் எவரேனும் இம்மலரைக் காண நேர்ந்து, அவளை அறிந்திருப்பாராயின், அண்ணன் என்று அவள் அழைத்தவர் இன்றும் அவளை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிவிக்க வேண்டுகிறோம். இனி இத்தீவில் எவர் வீட்டு வாசலுக்கு அத்தகைய தாள் வந்தாலும், எழுதுகோலை எடுக்குமுன் நம்மை ஒருமுறை அழையுங்கள்.